குடிக்காமலே தள்ளாடிய நாய்கள்

மேபல் எழுந்து நின்றாள். இரண்டு அடி வைத்தாள். அடுத்த அடியில் தன் காலிலேயே தடுக்கிப் பனியில் சரிந்தாள்.

தள்ளாட்டம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் சாராயத்துக்குத் தடை உண்டு. தடை இருக்கிற ஊரில்தான் தள்ளாடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். ஆனால் மேபல் நாய். ஆம்ப்ரோஸ் மாமாவின் சறுக்கு வண்டியை இழுக்கும் பன்னிரண்டு நாய்களில் முதல் நாய். உறைந்து கிடக்கும் யூக்கான் ஆற்றின் மேல், பனிப்புயலிலும் வழி தவறாதவள். இப்போது எதிரில் இருந்த சாப்பாட்டுத் தட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் காற்றை முகர்ந்துகொண்டிருந்தாள். மற்ற பதினொன்றும் கட்டிய இடத்திலேயே தள்ளாடிக்கொண்டிருந்தன.

"கண்ணைப் பாருடா வெண்டல்," என்றாள் டெல்ஃபின் அத்தை.

பார்த்தேன். பட்டப்பகல், பனி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. மேபலின் கண்மணியோ இருட்டில் இருப்பவளுடையதைப் போல அகல விரிந்து கிடந்தது.

"அத்தை, ஸ்னோமொபைல் மக்கர் பண்ணினா சொல்லுங்க, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்ப்பேன். இதுல எதைக் கழட்டறது?"

"உன் வாயைக் கழட்டி வை. அது போதும்."

இதுதான் எங்கள் துப்பறியும் நிறுவனம். மூளை, டெல்ஃபின் பிட்கா. எங்கள் ஊரின் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். வாய், அடியேன், மெக்கானிக். அலாஸ்காவில் எங்கள் மாதிரி ஊருக்குப் போலீஸ் விமானம் ஏறித்தான் வர வேண்டும். வானிலை சரியில்லை என்றால் அதுவும் வராது. அதனால் எங்களுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஊர்த் தலைவர் ஹோரஸ் வேலிக்கு வெளியே, நாய்கள் எட்டாத தூரத்தில் நின்றார். அவருடைய துப்பாக்கி வேலியில் சாய்ந்திருந்தது.

"டெல்ஃபின், இது வெறிநோய்தான். மேலாத்து ஊர்ல போன மாசம் நரி கடிச்சு எத்தனை நாயைச் சுட்டாங்க, தெரியுமில்ல?"

"தடுப்பூசி போட்டிருக்கேன்யா!" என்று கத்தினார் ஆம்ப்ரோஸ் மாமா.

"போட்டாலும் சில சமயம் வரும்னு ஃபேர்பேங்க்ஸ் டவுன் நாய் டாக்டரே போன்ல சொன்னாரே. அவராலயும் வர முடியல, விமானம் எதுவும் கிளம்பல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க இந்த வழியாத்தான் போகுது ஆம்ப்ரோஸ். இருட்டறதுக்குள்ள என்ன ஏதுன்னு கண்டுபிடிங்க. இல்லன்னா..." துப்பாக்கியைப் பார்த்தார். "போன வருஷமே நாயையும் பந்தயத்தையும் விட்டுடறேன்னு சொன்னியேய்யா. விட்டிருந்தா இந்தப் பாவம் வந்திருக்குமா?"

"சொன்னேன். மேபல் கால்ல இன்னும் ஒரு பந்தயம் மிச்சம் இருக்கு. அதான் பேர் கொடுத்தேன்."

அப்போது டீ கொண்டு வந்த வெர்னா அத்தை தரையைப் பார்த்தாள். வெர்னா, ஆம்ப்ரோஸ் மாமாவின் மனைவி. டெல்ஃபின் அத்தையின் ஒரே தங்கச்சி. விழுந்து கிடந்த மேபலின் வால் அவள் காலடிச் சத்தம் கேட்டதும் பனியில் பட் பட் என்று அடித்தது. வெர்னா அத்தை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஹோரஸ் நகர்ந்ததும் மாமா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெறிநோயும் இல்ல, மண்ணும் இல்லக்கா. விஷம்! பக்கத்து வீட்டு லெஸ்டர் வெச்ச விஷம்!"

"ஆதாரம்?"

"தினம் சாயங்காலம் ஊர்ப் பேச்சு ரேடியோல ஏறி, ஆம்ப்ரோஸ் வீட்டுல நாய்க்கு மீன் வேக வைக்கிற அண்டா நாறுது, நாறுதுன்னு கத்துவானே, நீங்களும் கேட்டிருக்கீங்கல்ல? கிறிஸ்துமஸ்லேர்ந்து கப்சிப். ஏன்? மனசுல ஏதோ திட்டம்! போன வாரம் வண்டி அவன் வீட்டைத் தாண்டறப்போ வெளிய ஓடி வந்து என்னைப் பார்த்து 'லஷ்! லஷ்!'னு கத்தினான். நாய் குரைச்ச சத்தத்துல மிச்சம் என்ன திட்டினான்னு காதுல விழல."

இங்கிலீஷில் லஷ் என்றால் குடிகாரன். ஆம்ப்ரோஸ் மாமாவைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாத சொல்.

"பதினோரு வருஷம்க்கா! ஒரு சொட்டு தொட்டதில்ல. அன்னிக்கு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன், தெரியுமா?"

அத்தை மாமாவின் விறகுக் குவியல் மேல் போய் உட்கார்ந்தாள். அது அவள் உயரத்துக்கு மேல் இருந்ததால் ஏறித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"இது அண்டாவுக்குன்னு வெட்டின கட்டைதானே? பிப்ரவரில இவ்வளவு மிச்சமா?"

"நல்லா காஞ்ச பிர்ச் மரக் கட்டை. நின்னு எரியுது," என்று மாமா அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமைப்பட்டார். "போன வருஷம் இந்நேரம் கட்டை தீர்ந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓடினேன்."

"அண்டாவைப் பார்த்துக்கறது யாரு?"

"வெர்னாதான். காலையில நான் நாய்களை ஓட்டிட்டு வந்து, மத்தியானம் ஊர் ஜெனரேட்டருக்கு டூட்டி போயிடறேன். திரும்பி வர்றதுக்குள்ள அவ மீனை வேக வெச்சுப் போட்டு முடிச்சிருப்பா. என் மூக்குல டீசலைத் தவிர வேற வாசனை ஏறி வருஷக்கணக்காச்சு. ஆனா வைட்டமின் மட்டும் நானே அளந்து தட்டுல போட்டு வெச்சுட்டுத்தான் போவேன். அதுலதான் அந்தப் பாவி விஷத்தைக் கலந்துட்டான்!"

மாமா கொட்டகைக்குள் போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கி வந்தார். உள்ளே மஞ்சள் பொடி. விமானத்தில் வந்த பார்சல். விமான ஓடுபாதையில் இறங்கும் பார்சல்களை ஊருக்குள் கொண்டு வருகிறவர் யார்? அதே லெஸ்டர்.

"இதுல எல்லாம் இருக்குக்கா. ஏ கண்ணுக்கு, தோலுக்கு. டி எலும்புக்கு. ஈ இருக்கே, அது தசைக்கு. ஓடற நாய்க்கு அது ரொம்ப முக்கியம். பி-ஒன் நரம்புக்கு. தின்ன சாப்பாட்டை ஓட்டமா மாத்தறதே அதுதான்."

"சி எங்க மாமா? பாதியில விட்டுட்டீங்களே," என்றேன்.

"நாய்க்கு சி வெளியிலேர்ந்து வேணாம்டா. தன் உடம்புலயே செஞ்சுக்கும்."

"அப்போ நம்ம கடையில அழுகின ஆரஞ்சு வாங்கற அவஸ்தை அதுக்கு இல்ல. கொடுத்து வெச்ச ஜென்மம்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை பொடியை முகர்ந்தாள். "ஓட்டோ எங்க?"

ஓட்டோ மாமாவின் ஓய்வு பெற்ற நாய். பல்லெல்லாம் கொட்டி, வீட்டுக்குள் அடுப்போரம் படுத்து, பென்ஷன் வாங்குகிற தாத்தாவைப் போல எல்லாரையும் முறைத்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டதும் ஓட்டோ படியிறங்கி வந்தது. நேராக. தள்ளாட்டமே இல்லாமல். வந்து என் பூட்ஸ் மேல் ஒண்ணுக்குப் போனது.

"இதுக்கும் இதே பொடிதானா?"

"அதே டப்பா. வெர்னா நம்ம சாப்பாட்டுல மிச்சம் இருக்கறதைப் பிசைஞ்சு, பொடி தூவிக் கொடுப்பா."

"அப்போ டப்பாவை விட்டுடு மாப்ள. விஷம் இதுல இல்ல. இருந்தா முதல்ல விழுந்திருக்க வேண்டியது இந்தக் கிழம்."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. கையில் இருந்த ஒரே துப்பும் போனதே என்று எனக்கும் எரிச்சல். பூட்ஸ் வேறு நனைந்துவிட்டது.

"வாடா," என்றாள் அத்தை. "லெஸ்டரைப் பார்க்கலாம்."

லெஸ்டர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம், கடலுக்குக் கிட்ட இருக்கிற ஊரிலிருந்து இங்கே பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர். வந்து ஒரு தலைமுறை ஆகிறது. எங்கள் ஊருக்கு அவர் இன்னும் புதுசு. கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

"வாங்க காவல்காரம்மா. விலங்கு கொண்டு வந்திருக்கீங்களா?"

"கேள்வி மட்டும்தான் கொண்டு வந்தேன் லெஸ்டர். மீன் நாத்தம்னு தினம் ரேடியோல கச்சேரி வைப்பியே. ஏன் நிறுத்திட்டே?"

"நிறுத்தினாலும் குத்தமா? நாறினா நாறுதும்பேன். நாறலன்னா என்ன சொல்றது? வாசனையா இருக்குன்னு பாட்டுப் பாடறதா?"

"பதினோரு வருஷமா குடிக்காத மனுஷனை லஷ்னு கூப்பிடலாமா?" என்று நான் குறுக்கே விழுந்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

லெஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருடா யாரைக் கூப்பிட்டது?"

"நீங்க. மாமாவை."

"நான் அவனுக்கு நல்லது சொன்னேன். அவன் முஷ்டியைத் தூக்கிக் காட்டினான். இப்போ விஷம் வெச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். ஒரு தரம் சொல்லியாச்சு. இனிமே அந்த வீட்டுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், போங்க."

கதவு படார்.

"பார்த்தீங்களா அத்தை? குடிகாரன்னு திட்டறது நல்லது சொல்றதாம். இந்தாளு அகராதியே வேற."

அத்தை நடப்பதை நிறுத்திவிட்டாள். லெஸ்டரின் சன்னலையும், அதற்கு நேர் எதிரே இருந்த நாய்க் கொட்டடியையும் பார்த்தாள். பிறகு நேராக அண்டாவை நோக்கி நடந்தாள்.

பாதி டீசல் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பு. மேலே கன்றுக்குட்டியையே உள்ளே இறக்கலாம் போன்ற ஓர் அண்டா. எங்கள் ஊரில் நாய் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு. அத்தை குனிந்து அடுப்பு வாயில் கையை விட்டாள். வெளியே எடுத்த கையில் சாம்பல் இல்லை, பனிக்கட்டி. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. பசிக்குது. வெர்னா சாப்பிடக் கூப்பிட்டா."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மனுஷிக்குப் பசித்து நான் பார்த்ததே இல்லை.

வெர்னா அத்தையின் சமையலறை கதகதவென்று இருந்தது. வாணலியில் பர்பாட் மீன் பொரிந்துகொண்டிருந்தது. சால்மன் வரத்துக் குறைந்து, வலை போடக்கூடாது என்று அரசாங்கம் சொன்ன பிறகு, எங்களுக்கும் நாய்களுக்கும் பனிக்கடியில் தூண்டில் போட்டுப் பிடிக்கிற இந்தப் பர்பாட்தான் கதி. பார்க்க அசிங்கம், தின்ன அமிர்தம். நான் வெட்கமில்லாமல் மூன்றாவது துண்டைக் கேட்டேன்.

"வெளியில அதுங்க சாகக் கிடக்குது, இவனுக்குப் பசியைப் பாரு," என்றாள் டெல்ஃபின் அத்தை. அவள் தன் துண்டைத் தொடவே இல்லை. "வெர்னா, ஓட்டோவுக்கும் இதுதானா?"

"ஆமாக்கா. முள்ளெடுத்துட்டுக் கொடுப்பேன்."

"பொரிச்சது."

"பின்ன, பச்சையாவா கொடுப்பாங்க?" என்று சொல்லி வெர்னா அத்தை லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

டெல்ஃபின் அத்தை எழுந்தாள். சுவரில் ரேடியோ. எங்கள் ஊரில் ஒவ்வொரு சமையலறையிலும் ஒன்று தொங்கும். ஒருவர் பேசினால் ஊரே கேட்கும். பிறப்பு, இறப்பு, மூஸ் மான் எங்கே தென்பட்டது, யார் வீட்டில் சூப் மிச்சம், எல்லாம் அதில்தான். யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் அந்த வீட்டில் ஏதோ ஆகிவிட்டதென்று அக்கம்பக்கத்தார் கதவைத் தட்ட வருவார்கள்.

மைக்கை எடுத்தாள். ஒரு நொடி தங்கச்சியைப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"லெஸ்டர், லெஸ்டர். டெல்ஃபின் பேசறேன்."

கரகர. "இனிமே பேச மாட்டேன்னு சொன்னேனே."

"ஒரே கேள்வி. உங்க ஊர்ப் பக்கம் பர்பாட் மீனுக்கு என்ன பேரு?"

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு லெஸ்டரின் குரல் வந்தது, எரிச்சலோடு.

"பர்பாட்டா? நீங்கதான் அப்படிச் சொல்வீங்க. எங்க ஊர்ல அது லஷ். எங்கப்பன், பாட்டன் எல்லாருக்கும் லஷ்தான். அதைத்தானே அன்னிக்கு அவன்கிட்டக் கத்தினேன்! பச்சை லஷ்ஷைப் போடாதடா, நாய் விழுந்துடும்னு தொண்டை கிழியக் கத்தினேன்!"

என் வாயில் இருந்த மீன் வாயிலேயே நின்றது.

"பச்சைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் மூக்கு சொல்லிச்சு. கிறிஸ்துமஸ்லேர்ந்து அந்த அண்டா ஒரு நாள்கூட நாறலயே! ஆனா சாயங்காலமானா நாய்க்கு மீன் விழுது, சன்னல்லேர்ந்து பார்க்கறேன். வேகாத மீன்தானே நாறாது?"

அத்தை மைக்கை மாட்டினாள். வாணலியில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. வெர்னா அத்தை அதை இறக்கவில்லை. நான்தான் இறக்கினேன்.

எங்கள் ஊரில் நாய் வளர்க்கிற யாருக்கும் இது தெரியும். பச்சைப் பர்பாட்டில் என்னவோ ஒன்று இருக்கிறது. அது பி-ஒன் வைட்டமினை அழித்துவிடும். வேக வைத்தால் அந்தச் சனியன் செத்துவிடும். அதற்காகத்தான் அண்டா, அதற்காகத்தான் மலை மலையாக விறகு, அதற்காகத்தான் ஊரே மூக்கைப் பிடிக்கிற நாற்றம். மாமா வைட்டமினை அளந்து அளந்து போட்டதெல்லாம் அந்தப் பச்சை மீன் விழுகிற தட்டில். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதை.

"உன் வீட்டுக்காரர் நல்ல காஞ்ச கட்டைன்னு பெருமைப்பட்டுக்கறார்," என்றாள் டெல்ஃபின் அத்தை. "அடுப்புக்குள்ள பனி கெட்டிப்பட்டிருக்கு வெர்னா."

வெர்னா அத்தை ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "நான் எதையும் போடலக்கா. அடுப்பை மூட்டல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் சோர்ந்து போகும்னு நினைச்சேன். ஓட முடியாது, பந்தயத்துலேர்ந்து பேரை எடுத்துடுவாரு, இத்தோட விட்டுடுவாருன்னு... துப்பாக்கி வரும்னு நினைக்கல."

"காலையிலேர்ந்து துப்பாக்கி வேலில சாஞ்சு நிக்குது. நீ எங்களுக்கு மீன் பொரிச்சிட்டு இருந்தே."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மூன்று துண்டு தின்றிருந்தேன்.

கதவு திறந்தது. ஆம்ப்ரோஸ் மாமா. மத்தியான டூட்டிக்குப் போயிருந்தார்; ஜெனரேட்டர் கொட்டகையிலும் ரேடியோ இருக்கிறதே. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது; குல்லாவைக்கூட எடுத்துக்கொண்டு வரவில்லை.

"வெர்னா?"

அவள் நிமிரவில்லை.

"அவன் என்னைக் குடிகாரன்னு சொல்லிட்டான்னு அன்னிக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதேன். நீ என் முதுகைத் தடவிக் கொடுத்தே. 'அவன் கிடக்கான் விடுங்க'ன்னு சொன்னே." மாமா அந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். "கொட்டடியில நின்னுட்டு இருந்தியே! அவன் கத்தினது முழுசா உன் காதுல விழுந்திருக்கும். மீனைத்தான் சொன்னான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே தடவிக் கொடுத்தே!"

"தெரியும்," என்றாள் வெர்னா அத்தை.

நாயைப் பட்டினி போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்த முதுகுத் தடவலை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் முதுகு இல்லை, ஆனாலும்.

அவள் இப்போது நிமிர்ந்தாள். "நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க? போன வசந்தத்துல என் அக்கா முன்னால என் கையைப் பிடிச்சு, இதுதான் கடைசின்னு சொன்னீங்க. பேத்தி பொறந்திருக்கா, ஃபேர்பேங்க்ஸ் போயிடலாம்னு சொன்னீங்க. பெட்டியெல்லாம் கட்டி வெச்சேன். அப்புறம் எனக்குத் தெரியாம பந்தயத்துக்குப் பேர் கொடுத்தீங்க. எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? அந்த ரேடியோல. மாவு பிசைஞ்சிட்டு இருந்தேன். 'ஆம்ப்ரோஸுக்கு வாழ்த்துகள்'னு ஹோரஸ் சொன்னாரு. ஊரோட ஊரா நானும் கேட்டேன்."

மாமா சுவரில் இருந்த ரேடியோவைப் பார்த்தார்.

"சண்டையை அப்புறம் போடுங்க," என்றாள் டெல்ஃபின் அத்தை. "வெளிச்சம் இருக்கறப்பவே ஹோரஸைப் பிடிக்கணும். வெண்டல், கிளினிக்குக்கு ஓடு. பி-ஒன் ஊசி இருக்கான்னு கேளு."

"நாய்க்கு ஊசி நம்ம கிளினிக்ல ஏது அத்தை?"

"நாய்க்கு இல்லடா. அதிகமா குடிச்சு நரம்பு போனவங்களுக்குப் போட வெச்சிருப்பாங்க. அதேதான்."

இருந்தது. எங்கள் ஊரில் அது தீராமல் வைத்திருப்பார்கள். ஃபேர்பேங்க்ஸ் நாய் டாக்டர் போனிலேயே அளவு சொல்ல, லஷ் தின்று லஷ் ஆனவர்களுக்கு, லஷ்களுக்கான மருந்தை நர்ஸ் வரிசையாகப் போட்டுக்கொண்டு போனாள். வேறு ஒரு நாளாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்று சொல்லவே தோன்றவில்லை.

ஹோரஸ் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "காலையில வந்து பார்க்கறேன்," என்று போனார். மாமா தன் கையாலேயே அடுப்பை மூட்டினார். அண்டா கொதித்தது. நாற்றம் ஆற்றோரம் முழுக்கப் பரவியது. லெஸ்டர் ரேடியோவில் ஏறினார்.

"நாறுது," என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நல்லா நாறட்டும்," என்றார்.

மறுநாள் காலை வானம் தெளிந்தது. மேபல் நின்றுகொண்டிருந்தாள். நான்கு காலும் சொன்ன பேச்சுக் கேட்டன. ஹோரஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மற்ற நாய்கள் வெந்த மீனை நக்கித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தன. மேபல் மட்டும் தட்டைத் தொடவில்லை. மாமா உட்கார்ந்தார், கெஞ்சினார், துண்டைக் கையில் எடுத்து ஊட்டப் பார்த்தார். மேபல் அவரைத் தாண்டி வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு எப்போதும் அந்தக் கதவிலிருந்துதான் வரும்.

"அவளைக் கூப்பிடுங்கக்கா," என்றார் மாமா. "எனக்காக இல்ல."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வெர்னா அத்தை பெரிய கோட்டு போட்டு, பெட்டியோடு வெளியே வந்தாள். விமானத்துக்கு. பெட்டியைப் படியில் வைத்துவிட்டுக் கொட்டடிக்குள் வந்தாள். மேபலின் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து, எல்லார் முன்னாலும் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு தட்டை மேபலின் முன் தள்ளினாள்.

மேபல் சாப்பிட்டாள். வாலை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டாள். வெர்னா அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. மாமா வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓடுபாதைக்கு நான்தான் ஸ்னோமொபைலில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. டெல்ஃபின் அத்தை வண்டி வரை வந்தாள். அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரேடியோவை எடுக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்," என்றாள் வெர்னா அத்தை. "அடுப்புக்குள்ள கையை விட்டப்பவே தெரியும். நான் சன்னல்ல நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். உள்ள வந்து என்னைத் தனியாக் கேட்டிருக்கலாம். அவராவது எனக்குத் தெரியாமத்தான் செஞ்சாரு. நீ என் முகத்தைப் பார்த்துட்டு, ஊரைக் கூட்டி, என் அடுப்படியில வெச்சு என்னைக் காட்டிக் கொடுத்தே."

டெல்ஃபின் அத்தை அவள் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டினாள். நான் இன்ஜினை முடுக்கினேன்.

திரும்பி வந்தபோது அவள் தன் வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப் போயிருந்தது. ரேடியோவில் ஊரே அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தது. "டெல்ஃபின், டெல்ஃபின், கலக்கிட்டே போ," என்றார் ஹோரஸ். "பன்னிரண்டு உசுரு," என்றது இன்னொரு குரல். லெஸ்டர்கூட ஏதோ நல்ல வார்த்தை சொன்னார்.

எனக்கும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அத்தை, ஏன் தனியாக் கேட்கல?"

"தனியாக் கேட்டிருந்தா அழுதிருப்பாடா."

"அழட்டுமே."

"அழுதிருந்தா நான் மறைச்சிருப்பேன். ராவோட ராவா மீனை வேக வெச்சுப் போட்டு, வேற ஏதோ காரணம் சொல்லி, லெஸ்டர் தலையில கட்டியிருந்தாலும் கட்டியிருப்பேன். என் தங்கச்சிடா அவ." கையை விரித்துப் பார்த்தாள். "அதான் மனசு மாறறதுக்கு முன்னால அந்தப் பொத்தானை அழுத்திட்டேன்."

"டெல்ஃபின், டெல்ஃபின்," என்று ரேடியோ மறுபடி கூப்பிட்டது.

அவள் எழுந்து போய் அதை அணைத்தாள்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.